பத்து மணி, பத்து நாற்பது

அந்தப் பசையின் நாற்றம் மூன்றாம் நாள்தான் முழுதாக வெளியே வரும். மைதாவைக் கரைத்துக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை துத்தம் போட்டு, மூடி தொலைந்துபோன ஒரு டப்பாவில் வைத்திருப்பார்கள். முதல் நாள் கஞ்சி மாதிரி இருக்கும். மூன்றாம் நாள் செத்த எலியோடு போட்டி போடும். காப்பகத்தின் கோப்பறையில் பன்னிரண்டு வருடமாக அந்த டப்பாவோடு குடித்தனம் நடத்துகிறவளை எல்லோரும் 'பசையக்கா' என்று கூப்பிட்டதில் ஆச்சரியம் இல்லை. அவளுக்கும் ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

அவள் வேலை ஒட்டுவது. காப்பகத்தில் இருக்கிற அறுநூற்றுச் சொச்சம் பேருக்கும் ஆளுக்கொரு கோப்பு. கோப்பின் நெற்றியில் 'வகை' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் இருக்கும் வார்த்தை ஆகாது என்று சில வருடங்களுக்கு ஒருமுறை மேலிடத்துக்கு ஞானோதயம் வரும். உடனே புது வார்த்தை அச்சடித்த சீட்டுகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். பழைய வார்த்தையை அடிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, அது ஆவணம். அதன் மேலேயே புதுச் சீட்டை ஒட்ட வேண்டும். பூசி மெழுகுவது என்று மற்ற இடங்களில் பேச்சுக்குச் சொல்வார்கள், இங்கே அதற்குத் தனி உத்தியோகமே போட்டிருந்தார்கள். ஒருவர் எத்தனை வருடமாக உள்ளே இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளக் கோப்பைத் திறக்கவே வேண்டாம். நெற்றியைத் தடவிப் பார்த்தால் போதும்.

இருநூற்றுப் பதினேழாம் எண் கோப்பின் நெற்றி அடிபட்டு வீங்கியதுபோல் புடைத்திருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், சிவப்பு மையில், யாரோ ஒரு டாக்டரின் கோழிக்கிறுக்கலில் 'முட்டாள் மேதை' என்று இருந்தது. அப்போது அதுதான் புத்தகத்து வார்த்தை, வசவு இல்லை என்பார்கள். அதற்கு மேல் 'மந்தபுத்தி, விசேஷ ஞாபகம்'. அதற்கு மேல் 'மனவளர்ச்சி குன்றிய திறனாளி'. பிறகு வெளிநாட்டிலிருந்து வந்த 'சாவண்ட்'. சலவைப் பிரிவின் மேஸ்திரியம்மா அதை ஏதோ புதுச் சோப்பு என்று நினைத்து, எப்போது சப்ளை வரும் என்று விசாரித்துக்கொண்டு வந்தார். அதற்கும் மேல் 'சாவண்ட் கூட்டறிகுறி'. இப்போது ஆறாவதாக ஒன்று கட்டுப் பிரிக்காமல் அவள் மேசையில் கிடந்தது: 'அரிதிறனாளர்'.

கோப்புக்குள் இருந்த குறிப்புகள் அவளுக்கு மனப்பாடம். முட்டாள் மேதையாக இருந்தபோது அவனை ஒரு ஸ்டூலில் உட்கார்த்தி, மருத்துவ மாணவர்கள் சுற்றி நின்று கேள்வி கேட்டிருக்கிறார்கள். திறனாளியானதும் ஆண்டு விழா மேடையில், அதே மாதிரி ஸ்டூலில், வந்த விருந்தாளிகள் கேட்டிருக்கிறார்கள். சாவண்ட் ஆனதும் தலையில் ஒயர்களை ஒட்டிக் கேட்டிருக்கிறார்கள். வார்த்தை ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தது. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்டார்கள், ஒரே மாதிரிதான் கை தட்டினார்கள். படிக்கும்போதே அவளுக்கு வாயில் புளித்த நீர் ஊறும். பசையின் நாற்றம் என்று சொல்லி ஜன்னலைத் திறந்துவைப்பாள்.

இருநூற்றுப் பதினேழு அவளுடைய அண்ணன். கூடப் பிறந்தவன்.

அது அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. உள்ளே இருப்பவர்களின் உறவினருக்குக் காப்பகத்தில் வேலை கிடையாது என்பது விதி. விண்ணப்பத்தில் 'உறவினர் எவரேனும் உண்டா' என்ற கேள்விக்கு அவள் 'இல்லை' என்று எழுதினாள். அதற்குள் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அவள் பெயருக்குப் பின்னால் இறந்துபோன கணவனின் பெயர் இருந்தது, யாரும் தோண்டித் துருவவில்லை. அவனை 'அண்ணா' என்று அவள் கூப்பிடுவதையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. வாட்ச்மேனும் அண்ணா, டிரைவரும் அண்ணா, அவனும் ஒரு அண்ணா. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சலவைப் பிரிவுக்குப் போய் அவன் எதிரில் நின்றாள். அவன் அவள் தோளுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்தான். உதடுகள் மட்டும் ஓசையில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. தன்னை அடையாளம் தெரியவில்லை என்று அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு பொங்கும்.

அவனிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். நேரம். சட்டையை மாற்றிப் போட்டுக்கொள்வான், செருப்பின் இடது வலது தெரியாது, தெருவைத் தாண்டத் தெரியாது. ஆனால் எதிலிருந்து எதுவரை எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டால் நொடி பிசகாமல் சொல்லுவான். தப்பான நேரத்தை மட்டும் அவனால் தாங்க முடியாது. தப்பாக ஓடும் கடிகாரத்தைப் பார்த்தால் பல்வலி வந்தவன் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கத்துவான். வாசல் வாட்ச்மேனின் அறைக் கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்தி ஓடியபோது அவன் போட்ட கூச்சலில், வாட்ச்மேன் தானே முன்வந்து அதைச் சரிபண்ணிவைத்தான். காப்பகத்தில் சரியான நேரம் காட்டுகிற கடிகாரம் அது ஒன்றுதான்.

சலவைப் பிரிவில் மூன்று பெரிய இயந்திரங்கள். மூன்றிலும் நேரம் காட்டும் முள் உடைந்து ஒன்பது வருடம் ஆகிறது. சரிபண்ண ஆள் வரவே இல்லை, மேஸ்திரியம்மாவும் கேட்கவில்லை. அவன் நடுவில் நிற்பான். "ரெண்டாவது மெஷின்" என்று குரல் கொடுத்தால் ரெண்டாவதை நிறுத்த வேண்டும். போர்வைக்கு ஒரு கணக்கு, நோயாளிகளின் சட்டைக்கு ஒரு கணக்கு, வெளுப்புத் தண்ணீரில் போட்டதற்கு ஒரு கணக்கு. வெளுப்புத் தண்ணீரில் ஒரு நிமிடம் கூடினால் துணி நைந்துவிடும். அவன் அங்கே நிற்க ஆரம்பித்த பிறகு ஒரு துணிகூட நைந்ததில்லை. அங்கே யாரும் அவனுக்குக் கை தட்டியதில்லை. "வா கடிகாரம், சாப்பிட்டியா?" என்பார் மேஸ்திரியம்மா. அவ்வளவுதான். ஈரத்துணி வாடையும் நீராவியுமாக இருக்கும் அந்த அறையில் மட்டும் அவன் கைகள் அலைபாயாமல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சலவை கிடையாது. அன்று முன்வாசலில் வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வான். வண்டிகளை வேடிக்கை பார்க்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

புது டைரக்டர் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இளைஞர், இஸ்திரி கலையாத சட்டை, யாரையும் கடிந்து பேச மாட்டார். அவரைக் கண்டாலே அவளுக்குக் கொஞ்சம் பயம். கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம். சிரித்துக்கொண்டே செய்கிறவர்களை என்ன செய்வது?

"இந்த வார்த்தையைப் பாருங்கம்மா," என்று அவள் மேசைமேல் கிடந்த சீட்டுக்கட்டைத் தட்டினார். "அரிதிறனாளர். எவ்வளவு கௌரவமா இருக்கு! முன்னாடியெல்லாம் என்னென்ன பேர் வெச்சு அவங்கள அவமானப்படுத்தினோம்."

"ஆமா சார்."

"சொல்லு மாறினா பார்வை மாறும். பார்வை மாறினா வாழ்க்கை மாறும். அவங்களுக்குன்னு புதுக் கட்டடத்துல ஒரு அரங்கு கட்டியாச்சு. கண்ணாடிச் சுவர், ஏ.சி., கேமரா எல்லாம் இருக்கு. வாரத்துல மூணு நாள் பார்வையாளர்கள் வருவாங்க. இருநூத்திப் பதினேழுதான் நம்ம முதல் ஆள்."

அவள் சீட்டுக்கட்டை ஓரமாக நகர்த்தினாள். "சலவை, சார்? அவரு அங்க..."

"அங்கயா? ஒரு அரிதிறனாளர் அழுக்குத் துணி நடுவுல நிக்கலாமா? நினைச்சுப் பாருங்க, எவ்வளவு கேவலம்." டைரக்டர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "வெள்ளிக்கிழமை விழா. வெளியிலேர்ந்து நிபுணர் வர்றார். அவர் சோதிச்சு ஓகே சொல்லிட்டா மேடையிலேயே புதுச் சீட்டு ஒட்டிடலாம். நீங்க கோப்பையும் பசையையும் எடுத்துட்டு வந்துடுங்க. பசை மட்டும் புதுசாக் காய்ச்சிடுங்க, என்ன? விருந்தாளிங்க முன் வரிசையில இருப்பாங்க."

சொல்லிவிட்டு மூக்கைச் சுருக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டு வெளியே போனார்.

அன்று மதியம் மேஸ்திரியம்மா கோப்பறைக்கே வந்துவிட்டார். முழங்கைவரை வெளுப்புத் தண்ணீரில் வெந்த கை. அதை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"என்ன பசையக்கா, கடிகாரத்தைக் கண்ணாடிப் பொட்டியில வைக்கப் போறாங்களாமே?"

"சோதனையில தேறினாத்தான்."

"தேறாம என்ன? அவன் தேறிடுவான், அதானே என் வயித்தெரிச்சல். போன தடவை மேடையில ஏத்திவிட்டாங்களே, ஞாபகம் இருக்கா? கைதட்டல் சத்தத்துல வேட்டியோடயே ஒண்ணுக்குப் போயிட்டான். அதையும் எவனோ போட்டோ புடிச்சான். துவைச்சது நான். வாரத்துல மூணு நாள்னா புள்ள தாங்குமா? நீங்க கோப்புக்கிட்டயே இருக்கீங்க, ஏதாவது ஒரு காயிதத்தைக் காணோம்னு சொல்லி நிறுத்த முடியாதா?"

"நான் சொல்லி யார் கேக்கப் போறாங்கக்கா?"

"அதுவும் சரிதான். நமக்கென்ன உரிமை இருக்கு? சொந்தமா பந்தமா?" என்று சொல்லிவிட்டு மேஸ்திரியம்மா போய்விட்டார். அவள் சீட்டுக்கட்டின் நூலை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள். உரிமை இருக்கிறது என்று ஒரு வரி சொன்னால் போதும். சொன்னால் வேலை போகும். வேலை போனால் அந்தச் சுவருக்குள் காலெடுத்து வைக்க முடியாது. இப்படித்தான் அவள் பன்னிரண்டு வருடமாகத் தனக்குத்தானே காதில் பூச்சுற்றிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அரங்கில் ஈ நுழைய இடமில்லை. முன் வரிசையில் வாசனைத் திரவியம் பூசிய விருந்தாளிகள். பின்னால் பணியாளர்கள். சுவரில் ஒரு பெரிய கடிகாரம் இருந்தது, ஓடாமல் நின்றுபோனது. நல்லவேளையாக யாரோ அதன்மேல் பூச்சரத்தைத் தொங்கவிட்டு மறைத்திருந்தார்கள். அவள் மேடையின் ஓரத்தில் ஒரு சின்ன மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் கோப்பு, சீட்டு, புதிதாகக் காய்ச்சிய பசை.

அவனை அழைத்து வந்தார்கள். யாரோ அவனுக்குக் கோட்டு மாட்டிவிட்டிருந்தார்கள், கழுத்துப் பொத்தான் இறுக்கித் தோல் சிவந்திருந்தது. நடுவில் அதே ஸ்டூல். இந்த முறை அதற்கு வெல்வெட் உறை போட்டிருந்தார்கள். முன் வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து வந்து, "குழந்தை மாதிரி முகம்!" என்று நாற்பத்தெட்டு வயது ஆளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து துணியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டாள்.

நிபுணர் மெல்லிய குரலில் பேசுகிறவர். கையில் ஸ்டாப் வாட்ச். தொண்ணூறு வினாடி ஆனதும் கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினான். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருநூறு வினாடி கேட்டார், சரியாகச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் கைதட்டல் வெடித்தது. ஒவ்வொரு தடவையும் அவன் தோள் காதுவரை ஏறி இறங்கியது.

"இது குறுகிய நேரம்," என்று நிபுணர் மைக்கில் சொன்னார். "புது வரையறைப்படி நீண்ட கால அளவிலயும் நிரூபிக்கணும். அதுவும் எழுத்துப்பூர்வமான ஆவணத்தோட ஒத்துப்போகணும். ஐயா, உங்க உதடு எப்பவும் அசைஞ்சுட்டே இருக்கே. என்ன எண்ணிட்டு இருக்கீங்க?"

முப்பது வருடத்தில் இதை யாரும் அவனிடம் கேட்டதில்லை. அவளும்தான். சலவை இயந்திரத்துக்கு எண்ணுகிறான் என்றே அவளும் நினைத்திருந்தாள்.

அவன் நிபுணரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இருபத்தொம்பது வருஷம். நூத்திப் பன்னெண்டு நாள். ஒரு மணி. நாப்பது நிமிஷம்."

அப்போது மணி பதினொன்று நாற்பது.

டைரக்டர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார், முகம் மலர்ந்தது. "சார்! அவர் இங்க வந்து சேர்ந்ததுலேர்ந்து எண்ணிட்டு இருக்கார்! வருஷம் சரியா வருது!" கூரை அதிரக் கைதட்டல். யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஏழெட்டு செல்போன்கள் உயர்ந்தன.

பசையக்கா மட்டும் கை தட்டவில்லை.

அவனைக் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு அவளுக்குப் பதினைந்து வயது. அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல், சின்ன குவார்ட்டர்ஸ், இவனுடைய கூச்சலை அங்கே யார் பொறுப்பார்கள் என்று வீட்டில் பேச்சு. விண்ணப்பமெல்லாம் முதல் நாளே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. காலையில் நான்கு பேரும் முன்வாசலுக்கு வந்தார்கள். அவன் அம்மா சொன்னால் கேட்க மாட்டான், அப்பா சொன்னால் கேட்க மாட்டான், அவள் சொன்னால் மட்டும் கேட்பான். அதனால் அம்மா அவளை முன்னால் தள்ளினாள். "நீ சொல்லுடி. உன் பேச்சைத்தான் கேப்பான்." அவள் அவனைப் பெஞ்சில் உட்காரவைத்து, "இங்கேயே உட்காரு அண்ணா. அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்றாள். அவன் தலையாட்டினான். மூன்று பேரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள், பத்து மணி சங்கு ஊதியது, பத்தேகால் பேருந்தில் ஏறினார்கள். அவள் ஜன்னலோர இருக்கைக்காக அம்மாவோடு சண்டை போட்டாள். அதுவும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"கோப்பைப் பார்த்து நேரத்தைச் சொல்லுங்கம்மா," என்றார் டைரக்டர்.

அவள் கோப்பைத் திறந்தாள். முதல் பக்கத்தில் சேர்க்கை முத்திரை. தேதி சரி. அதன் பக்கத்தில், டீ குடிக்கப் போயிருந்த ஏதோ ஒரு குமாஸ்தா திரும்பி வந்து சாவகாசமாகக் குத்திய நேரம்.

"பத்து நாற்பது," என்றாள்.

நிபுணர் குறித்துக்கொண்டார். "அப்படின்னா ஒரு மணி நேரம்தானே ஆகியிருக்கணும்? நாப்பது நிமிஷம் அதிகமாச் சொல்றார்."

"பத்து மணி," என்றான் அவன்.

"இல்லீங்க ஐயா, ஆவணத்துல பத்து நாற்பது. பரவாயில்ல, தப்பு எல்லாருக்கும் வரும்."

"பத்து மணி. பத்து மணி." குரல் ஏறியது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். "தப்பு. தப்பு. பத்து மணி. அஞ்சு நிமிஷம்னு சொன்னா. பத்து மணி!" முஷ்டியால் நெற்றியில் குத்திக்கொண்டான், ஒன்று, இரண்டு, மூன்று. வெல்வெட் ஸ்டூல் கவிழ்ந்தது. முன் வரிசை பின்னுக்கு நகர்ந்தது, செல்போன்கள் மட்டும் முன்னுக்கு நகர்ந்தன.

அவள் வாயைத் திறந்தால் போதும். 'அவர் சொல்றதுதான் சரி, அவரைப் பத்து மணிக்கு விட்டுட்டுப் போனவளே நான்தான்.' சொன்னால் அவன் ஜெயிப்பான். கண்ணாடி அரங்கு, வாரத்தில் மூன்று நாள், கன்னத்தைக் கிள்ளி விரல் துடைக்கிற கூட்டம், அவன் சாகும்வரை. சொல்லாவிட்டால் அவன் பொய்யன் ஆவான், சலவைக்குத் திரும்புவான். இரண்டையும் எடைபோட அவளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அவள் வாய் திறந்திருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நல்லதுக்குத்தான் வாயை மூடிக்கொண்டோமா, பழக்கதோஷத்தில் மூடிக்கொண்டோமா என்று அவளுக்கே புரியவில்லை. இரண்டும் ஒரே நாற்றம்தான் அடித்தது.

இரண்டு பணியாளர்கள் அவனைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். "பத்து மணி" என்ற குரல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டே போனது. டைரக்டர் சிரித்த முகம் மாறாமல் மைக்கைப் பொத்திக்கொண்டு அவளிடம் குனிந்தார்.

"பழைய சீட்டே இருக்கட்டும். சலவைக்கே அனுப்பிடுங்க. மானத்தை வாங்கிட்டார்."

யாருடைய மானம் என்று அவர் சொல்லவில்லை. விருந்தாளிகளுக்குப் பழரசம் கொடுக்கச் சொன்னார். விரல் துடைத்த அம்மாள், "ச்சே, நான் அழவே ஆரம்பிச்சுட்டேன், அதுக்குள்ள பொய்யின்னு ஆயிடுச்சு" என்று பக்கத்திலிருந்தவளிடம் குறைபட்டுக்கொண்டாள். பசையக்கா டப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனாள்.

சலவைப் பிரிவில் அவன் இல்லை. மேஸ்திரியம்மா மூன்று இயந்திரங்களுக்கும் நடுவில் தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருந்தார். "மூணுலயும் துணி கிடக்குக்கா. மூணாவதுல வெளுப்புத் தண்ணி ஊத்தியிருக்கு, எப்ப நிறுத்தணும்னு ஒண்ணும் தெரியல. ஊத்தின கையோட ஓடிப்போய் அவன்கிட்ட சொல்லிக் கூப்பிட்டேன், வர மாட்டேங்கறான். வாசல் பெஞ்சுல உக்காந்து தலையில குத்திக்கறான். நீங்க போய்ப் பாருங்களேன்."

அவள் தாழ்வாரத்தின் வழியாக முன்வாசலுக்குப் போக நான்கு எட்டு வைத்தாள், பிறகு நின்றாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் பின்பக்கக் கதவால்தான் வந்து போகிறாள். பணியாளர்களுக்கு அதுதான் வழி. பன்னிரண்டு வருடமாகத் தினமும் அவனைப் பார்த்திருக்கிறாள், ஒருநாள்கூட அவள் திரும்பி வரவில்லை. போன வாசல் அது, வந்த வாசல் வேறு. அவளுடைய அண்ணன் அடையாளம் தெரியாமல் இருந்தவன் இல்லை. இன்னும் வரவில்லையே என்று எண்ணிக்கொண்டிருந்தவன்.

பின்கதவு வழியாகத் தெருவில் இறங்கினாள். காம்பவுண்டுச் சுவரை ஒட்டியே நடந்தாள். வெயில் உச்சந்தலையில் இறங்கியது, சாக்கடை ஓரத்தில் செருப்பு வழுக்கியது, ஓட்டமும் நடையுமாக முழுச் சுற்றும் சுற்றி முன்வாசலுக்கு வந்தாள். வாட்ச்மேன் அறையிலிருந்து தலையை நீட்டினான்.

"என்னக்கா, நீங்க பின்பக்கமாத்தானே வரணும்?"

"இன்னைக்கு இந்தப் பக்கம்தான்."

அவன் பெஞ்சில் இருந்தான். கோட்டின் ஒரு கை கழன்று தொங்கியது. நெற்றி புடைத்திருந்தது. அவள் அவன் முன்னால் போய், இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால் நின்ற அதே இடத்தில் நின்றாள்.

"அண்ணா. வந்துட்டேன்."

முஷ்டி பாதியில் நின்றது. தோளைப் பார்க்கவில்லை, பொத்தானைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தான்.

"அஞ்சு நிமிஷம்னு சொன்ன."

"ஆமா அண்ணா. சொன்னேன்."

"அஞ்சு நிமிஷம் இல்ல."

"இல்ல. நான் சொன்னது பொய். தெரிஞ்சேதான் சொன்னேன்."

"பத்து மணி."

"பத்து மணிதான் அண்ணா. சங்கு ஊதிச்சு. உன் கணக்குதான் சரி, அவங்க எழுதி வெச்சதுதான் தப்பு. நான் அங்கயே சொல்லியிருக்கணும். சொல்லல."

அழ வேண்டும் போல இருந்தது, அழவில்லை. அழுதால் அதையும் பார்க்க நாலு பேர் கூடிவிடுவார்கள் என்று வெறுப்பாக இருந்தது. இவனுக்கு ஆறு பெயர் யோசித்தவர்கள், இவனைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போட்டவளுக்கு ஒரு பெயரும் யோசிக்கவில்லை. அவளைப் பற்றி எந்தக் கோப்பும் இல்லை, அவள் நெற்றியில் யாரும் எதையும் ஒட்டவில்லை.

அவன் உதடுகளை அவள் பார்த்தாள். அவை அசையாமல் இருந்தன. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த உதடுகள் சும்மா இருந்து அவள் பார்த்ததில்லை.

வாட்ச்மேன் வெளியே வந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா, இவரு உங்களுக்கு..."

"கூடப் பிறந்தவர். ஆபீஸுல சொல்லணும்னா சொல்லிடுங்க. இல்லேன்னா நானே எழுதிக் கொடுத்துடறேன்."

வாட்ச்மேன் காக்கித் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டான்.

அப்போது அண்ணன் சட்டென்று எழுந்தான். சலவைப் பிரிவின் பக்கம் தலையைத் திருப்பினான். "மூணாவது மெஷின்," என்றான். வெளுப்புத் தண்ணீர். அவள் தோளைத் தொட்டு அவளைப் பெஞ்சில் உட்காரவைத்தான். அவன் யாரையும் தொட்டு அவள் பார்த்ததில்லை.

"இங்கேயே உட்காரு," என்றான். "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்."

தொங்கிய கோட்டோடு வேகமாக நடந்து தாழ்வாரத்தில் திரும்பி மறைந்தான். அவள் உட்கார்ந்திருந்தாள். பெஞ்சின் பலகை சுட்டது. தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. வாட்ச்மேன் அறையின் கடிகாரத்தில் பெரிய முள் ஒரு கோடு நகர்ந்தது, இன்னொரு கோடு நகர்ந்தது. இரண்டாவது நிமிடத்திலேயே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்றாவது நிமிடத்தில் தண்ணீர் குடித்துவிட்டு வரலாமா என்று தோன்றியது. நான்காவது நிமிடத்தில், அவன் மறந்திருப்பான், வேலையில் மூழ்கியிருப்பான், இனி வர மாட்டான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

முள் ஐந்தாவது கோட்டைத் தொட்டபோது ஈரக் கைகளோடு அவன் எதிரில் வந்து நின்றான்.

"வந்துட்டேன்," என்றான்.